படர்தாமரைக்குப் பூசும் டியூப்பில் என்ன எழுதியிருக்கிறது? படித்துப் பார்க்க ஒரு செய்முறை

நசுங்கிப்போன காலி டியூப்பைக் கொண்டுவந்து நீட்டுபவர்களை எங்கள் மருந்துக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். "இதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே. பூசினா ரெண்டு நாள்ல அரிப்பு போயிடுது, விட்டா திரும்ப வந்துடுது." இதைக் கேட்டாலே எனக்கு மனசு கனத்துப்போகும். டியூப்பைக் கையில் வாங்கும் முன்பே அதில் என்ன இருக்கும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதை நீங்களும் படிக்கலாம்.

படி 1: முதலில் தோலைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக இருக்கிறதா, ஓரம் சிவந்து மேடிட்டுச் செதிலாக உரிகிறதா, நடுப்பகுதி மட்டும் ஆறியதுபோல் தெரிகிறதா? அப்படியானால் அது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சையால் வருவது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். டாக்டர் சீட்டில் இதை 'டீனியா' என்று எழுதுவார்கள். பக்கத்தில் இருக்கும் சொல் இடத்தைச் சொல்கிறது: கார்ப்போரிஸ் என்றால் உடம்பு, க்ரூரிஸ் என்றால் தொடை இடுக்கு, பீடிஸ் என்றால் பாதம், கேபிடிஸ் என்றால் தலை.

ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருந்தால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். சீட்டில் 'ஸ்கேபிஸ்' என்று இருக்கும். முழங்கை, முழங்காலில் வெள்ளிபோல் மின்னும் தடித்த செதில் என்றால் சோரியாசிஸாக இருக்கலாம். கரப்பானை 'எக்ஸிமா' என்பார்கள். இவை இரண்டும் தொற்றாது.

வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் எந்தக் களிம்பும் வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருந்தால் கூட்டு மருந்து சிகிச்சை அங்கே இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும்.

பார்த்தும் பிடிபடவில்லையென்றால் டாக்டர் 'கே.ஓ.எச்.' பரிசோதனை எழுதுவார். படையின் ஓரத்தில் கொஞ்சம் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும்.

படி 2: டியூப்பைத் திருப்பிப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விட்டுவிடுங்கள். கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. லுலிகோனசோல், கீட்டோகோனசோல், க்ளோட்ரிமசோல், டெர்பினஃபின் எல்லாம் பூஞ்சையைத் தாக்குபவை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன் என்று 'சோன்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து. ஜென்டமைசின், நியோமைசின், ஒஃப்ளாக்சசின் ஆகியவை பாக்டீரியாவுக்கானவை.

இங்கே ஒரு பெயரில் மட்டும் நிதானம் வேண்டும். க்ளோட்ரிமசோல், க்ளோபெட்டசால் இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது பூஞ்சைக்கு எதிரி. இரண்டாவது, தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமானவற்றில் ஒன்று. அதன் பின்னால் 'ப்ரொப்பியோனேட் 0.05%' என்று இருக்கும். அதைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே டியூப்பில் இந்த மூன்று வகையும் கலந்திருந்தால், அரிப்பு போய்ப் போய்த் திரும்புவதன் காரணம் பெரும்பாலும் அதுதான். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு காட்டும் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடும். எரிச்சல் அடங்கிவிட்டதென்று நாம் நிம்மதியாக இருக்கையில் பூஞ்சை தடையில்லாமல் பரவும். வட்டம் கலைந்து உருமாறிவிடுவதால் டாக்டருக்கே சட்டென்று பிடிபடாமல் போகும். அதற்கென்றே 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் இருக்கிறது. தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, பிரசவ வரிபோல வரி வரியாகத் தழும்பு விழுகிறது. அது மறைவதில்லை.

ஸ்டீராய்டே விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். எக்ஸிமாவுக்கும் சோரியாசிஸுக்கும் அது அவசியமான மருந்து. எந்த வீரியம், எத்தனை நாள் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை, சீட்டில்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகும் எங்கள் தொழிலில் உள்ளவர்களே கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

படி 3: சீட்டில் உள்ள சுருக்கங்கள்

எல்.ஏ. என்றால் மேலே பூச. ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரு வேளை, எச்.எஸ். படுக்கும்போது. ஆயின்ட்மென்ட் பிசுபிசுப்பானது, வறண்ட தோலுக்கு ஏற்றது. வியர்க்கும் மடிப்புகளுக்கு க்ரீம் வசதி.

படி 4: பூசும் முறை

குளித்ததும் அந்த இடத்தை ஈரமில்லாமல் துடையுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களையும் சேர்த்துப் பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். படையின் மேல் மட்டும் தடவினால் போதாது, ஓரத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை பூசுங்கள். பூஞ்சை உயிரோடு முன்னேறுவது அந்த ஓரத்தில்தான். பார்வைக்குச் சரியான பிறகும், டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். பொதுவாக இன்னும் இரண்டு வாரமாவது பூசச் சொல்வார்கள்.

துண்டு, உள்ளாடையைத் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். இடுப்பில் படை இருந்தால் அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், அது எப்போதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவருக்கும் சேர்த்தே சிகிச்சை எடுங்கள்.

ஏற்கெனவே பல மாதம் கலவைக் களிம்பு பூசியிருந்தால், நிறுத்தியதும் சிவப்பும் அரிப்பும் ஒரேயடியாகக் கிளம்பலாம். பயந்துபோய் மறுபடியும் அதையே எடுத்துப் பூசாமல் தோல் டாக்டரிடம் போங்கள். போகும்போது அந்தக் காலி டியூப்பையும் அட்டைப்பெட்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை டியூப் தீர்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.