வால்வு ஆம்ப்புக்குப் பவர் சப்ளை கட்டுகிறீர்களா?

முதலில் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு 6வி6 (ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு), ஒரு 12ஏஎக்ஸ்7 (கிடார் சிக்னலை முதலில் பெருக்கும் வால்வு), ரெக்டிஃபையருக்கு, அதாவது ஏசியை டிசி ஆக்க, 5ஒய்3 வால்வு உள்ள சின்ன கிடார் ஆம்ப் என்றால் 300-0-300 (நடுவில் முனை எடுத்து இரு பக்கமும் 300), 6.3, 5 வோல்ட் என மூன்று சுற்று வேண்டும். செல்லூரில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனிடம் எழுதிக் கொடுத்தேன். "மிக்சிக்கா தம்பி?" என்றார். பிரைமரியை (கரண்ட் உள்ளே வரும் சுற்றை) 230-க்கே கட்டச் சொல்லுங்கள்; அமெரிக்க வரைபடத்தில் 120 என்றிருக்கும். 6.3 சுற்று 2 ஆம்பியர் தாங்கினால் தாராளம். 6வி6, 12ஏஎக்ஸ்7 இரண்டின் ஹீட்டரும் (வால்வைச் சூடாக்கும் இழை) சேர்ந்து 0.75 ஆம்பியர்தான் இழுக்கும்; 5 வோல்ட் சுற்று 5ஒய்3-க்கு.

நான் கோட்டை விட்டது ரெக்டிஃபையருக்குப் பின் டிசியைச் சீராக்கும் கெப்பாசிட்டரில். ஏசியின் உச்ச வோல்டேஜுக்கு 300-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 424. சரி, 450 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் போதும் என்று வாங்கினேன். எங்கள் தெருவில் நள்ளிரவுக்கு மேல் லைன் 250-ஐத் தொடும் (ஊர் அடங்கிய பிறகுதானே நமக்கு வாசிக்க நேரம்). அப்போது அதே கணக்கு 461 ஆகிவிடும். போதாக்குறைக்கு 5ஒய்3 முதலில் சூடாகிவிடும், 6வி6 மெதுவாகத்தான் எழும். அந்தச் சில நொடிகள் கரண்ட் இழுக்க ஆளில்லாமல் வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும். மூன்றாம் நாளே மூடி புடைத்து, அறை முழுக்க நாற்றம். 500 வோல்ட் வாங்குங்கள். முதல் கெப்பாசிட்டர் 20 மைக்ரோஃபாரட்டைத் தாண்ட வேண்டாம், 5ஒய்3 தாங்காது.

சோக் (டிசியை இன்னும் சீராக்கும் காயில்) இல்லாமலே இந்த அளவு ஆம்ப் ஓடும். ஃபியூஸ் பிரைமரியில், ஃபேஸ் ஒயரில். அப்புறம் முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர். அணைத்தபின் மிச்சச் சார்ஜை அது இறக்கும். அப்படியும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.