சென்னையில் கார் கழுவுவது: சக்கரத்தில் தொடங்கி பெயின்ட் வரை

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாகக் கார் துடைப்பவர் வருவார். முதல் காரிலிருந்து பத்தாவது கார் வரை அதே வாளி, அதே துணி. பெயின்ட் மங்கினால் வெயிலைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் அந்தத் துணிதான் காரணம். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் காரின் மேல் படியும் தூசில் மணலும் சிமென்ட்டும் கலந்திருக்கும். அதை ஈரத் துணியால் இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். பெயின்ட்டுக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. வெயிலில் பானட்டைப் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும் வட்டக் கீறல்கள் எல்லாம் இப்படி வந்தவை.

ஆகவே முதல் வேலை, தினமும் துடைப்பதை நிறுத்துவது. கண்ணாடிகளை மட்டும் தினம் துடைத்தால் போதும். துடைப்பவரிடம் சொல்லி, அதே சம்பளத்துக்கு வாரம் ஒரு முறை முறையாகக் கழுவித் தரச் சொல்லுங்கள். வாளி, ஷாம்பு, துணிகளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பஞ்சு டஸ்டரும் வேண்டாம். அது தூசை எடுப்பதில்லை, இழுத்துக்கொண்டு போகிறது.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் கறுப்புக் காரில் வெள்ளை வட்டங்கள் நிற்கும். வெயில் ஏற ஏற அவை பெயின்ட்டில் இறங்கிவிடும். முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஐந்தாறு லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், பரவாயில்லை. சம்ப்பில் மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றைவிடச் சுலபமான வழி ஏசித் தண்ணீர். இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடும் ஏசியிலிருந்து பல லிட்டர் சொட்டும். அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். மெல்லிய துணியில் வடிகட்டிச் சேர்த்து வையுங்கள். ஆர்ஓ மெஷினின் கழிவு நீரைக் கார் கழுவப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த நீரில்தான். அதைச் சக்கர வளைவுக்குள் அடிக்கலாம், கடைசி அலசலுக்கு மட்டும் ஆகாது.

நேரம் காலை ஏழுக்குள், அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு, இடம் நிழல். பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் பொறுங்கள்.

சக்கரங்கள்

எப்போதும் சக்கரத்திலிருந்தே தொடங்க வேண்டும். காரின் மிக மோசமான அழுக்கு அங்கேதான் இருக்கிறது; கடைசியில் கழுவினால் அது தெறித்து, சுத்தமான கதவின் மேல் விழும். வண்டி ஓடி வந்திருந்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் கோணிப்போகலாம். கிளீனரும் சூட்டில் உடனே உலர்ந்து கறையாகிவிடும்.

சக்கரத்தில் இருக்கும் கறுப்புப் பொடி சாலைத் தூசு மட்டுமல்ல. பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசும்போது உதிரும் இரும்புத் துகள் அதில் கலந்திருக்கிறது. சூட்டோடு தெறித்து அலாய் சக்கரத்தின் (அலுமினியக் கலவைச் சக்கரம்) மேல்பூச்சில் குத்தி நிற்கும் அந்தத் துகள், கடற்காற்றின் ஈரத்தில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாகிறது. திருவான்மியூரிலோ ஈசிஆர் ஓரத்திலோ நிற்கும் கார்களில் இதைச் சீக்கிரம் பார்க்கலாம். இதற்கு ஷாம்பு போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் போடுங்கள்.

முதலில் தண்ணீரை வேகமாக அடித்து மண்ணைக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் என்றால் நாசிலை ஓர் அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். டயர் பக்கவாட்டில் மிக நெருக்கி அடிப்பது ரப்பருக்கு ஆபத்து. அயர்ன் ரிமூவரை அலாய் முழுக்கத் தெளித்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது அந்த ரசாயனத்தின் இயல்பு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷ்ஷால் முகப்பையும், நீளமான பிரஷ்ஷால் உட்பக்கத்தையும், பழைய டூத் பிரஷ்ஷால் நட்டுக் குழிகளையும் தேய்த்து, உலர்வதற்குள் நிறைய நீர் விட்டு அலசுங்கள். ஒரு சக்கரம் முடிந்த பிறகே அடுத்தது. நான்குக்கும் ஒரேயடியாகத் தெளித்துவிட்டால் கடைசிச் சக்கரத்தில் காய்ந்து கோடு போட்டுவிடும்.

சில வாட்டர் வாஷ் ஷெட்களில் அலாய்க்கு ஆசிட் அடிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகும்; சில மாதத்தில் மேல்பூச்சு வெளுத்து உரியும். முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய டைமண்ட் கட் அலாயில் இது இன்னும் மோசம். பூச்சு எங்கே உடைகிறதோ அங்கே உப்புக்காற்று புகுந்து, புழு ஊர்ந்த தடம் போல வெள்ளை அரிப்பு பரவும். அதற்குப் பிறகு மறுபடி கடைசல் பிடிப்பதைத் தவிர வழியில்லை. அதேபோல், அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்பிரே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டீசல் சஸ்பென்ஷன் புஷ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், தூசையும் ஒட்டவைக்கும். பிரேக்கில் பட்டால் பிடிப்பே போய்விடும்.

இரும்பு சக்கரத்தில் பிளாஸ்டிக் வீல் கேப் இருந்தால் கழற்றி உள்ளே பாருங்கள். மழைக்காலச் சேறு அங்கே காய்ந்து கிடக்கும். துரு தொடங்கும் இடமும் அதுதான். டயர் பளபளப்புக்கு நீர் கலந்த டிரெஸ்ஸர் நல்லது. பஞ்சில் எடுத்துப் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள். தரையைத் தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும்.

பெயின்ட்

சக்கரத்துக்குப் பயன்படுத்திய பிரஷ், வாளி எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது. இரண்டு வாளி எடுங்கள். ஒன்றில் பத்து லிட்டர் நீரும், புட்டியில் எழுதியிருக்கும் அளவுக்குக் கார் ஷாம்புவும். மற்றதில் வெறும் நீர். சோப்புத் தூளில் கரையாத துகள் கீறும். பாத்திரம் கழுவும் லிக்விட் இருக்கிற வாக்ஸையும் எடுத்துவிடும்.

முதலில் முழுக் காரையும் கூரையிலிருந்து கீழாக நன்றாக நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். மொத்த வேலையில் இதுதான் முக்கியமான ஐந்து நிமிடம். கையால் தொடுவதற்கு முன் எவ்வளவு மண் தானாக இறங்குகிறதோ அவ்வளவு கீறல் குறையும். பிறகு மைக்ரோஃபைபர் மிட்டை (கையில் மாட்டும் உறை) ஷாம்புவில் முக்கி, அழுத்தாமல், நேர்க்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் நீர் வாளியில் அலசிய பிறகே மறுபடி ஷாம்புவில் விட வேண்டும். கீழே விழுந்த மிட்டை எவ்வளவு அலசினாலும் அன்றைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அலசிய பிறகு ஏசித் தண்ணீரைக் கூரையிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். தடித்த மைக்ரோஃபைபர் டவலை விரித்து, ஒற்றி எடுங்கள். வெள்ளை வட்டம் ஏற்கெனவே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரும் நீரும் சம அளவு கலந்து, முதலில் ஒரு மூலையில் சோதித்து, ஒரு நிமிடம் ஒற்றி வைத்து அலசுங்கள். அதற்கும் போகாதது பெயின்ட்டில் இறங்கிவிட்ட கறை, பாலிஷ்தான் கதி.

கறைகள் சில இந்த ஊருக்கே உரியவை. காக்கை, புறா எச்சத்தில் அமிலம் உண்டு, கத்திரி வெயிலில் ஒரே நாளில் தடம் பதித்துவிடும். நனைத்த டிஷ்யூவை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்து, பிறகு தூக்கி எடுங்கள். சுரண்டக் கூடாது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் பிசுக்காகச் சொட்டும். அன்றே வெந்நீரில் நனைத்தால் போய்விடும், ஒரு வாரம் காய்ந்தால் படாதபாடு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வெள்ளைக் காரில் நிரந்தரமாகச் சாயம் ஏற்றும். பூஜை முடிந்த மாலையே ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதில் தவறில்லை. போகியன்று காலையில் காரெங்கும் படியும் கரியையும் சாம்பலையும் உலர்ந்தபடி தொடவே வேண்டாம். நீர் ஊற்றியே இறக்குங்கள்.

கழுவிக் காய்ந்த பெயின்ட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால், ஒட்டிய துகளை இழுத்து எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் போட வேண்டும். ஷாம்பு நீரையோ அதற்கான லூப்ரிகன்ட்டையோ தாராளமாகத் தெளித்து வழுக்கவிட வேண்டும். அழுக்கானதும் மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் தேவையில்லை.

பாதுகாப்புக்குக் கார்னாபா வாக்ஸ் (ஒருவகைப் பனை மெழுகு) அழகுதான், ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் போய்விடும். செயற்கை மேல்பூச்சான சின்தெடிக் சீலன்ட் அதைவிட அதிக காலம் நிற்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் ஒரு கோட், மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு கோட் என்று வைத்துக்கொள்ளலாம். பானட்டுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும். நிறையப் பூசினால் துடைத்து எடுப்பதுதான் சிரமம். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகக் காயும், டேப் ஒட்டி மறையுங்கள். மீதியைச் சக்கரத்திலும் பூசி ஒரு மணி நேரம் விடுங்கள். அடுத்த முறை பிரேக் பொடி வெறும் ஷாம்புவிலேயே பெரும்பாலும் போகும். செராமிக் கோட்டிங் என்ற கெட்டியான மேல்பூச்சு போட்டவர்களும் கழுவும் முறையை மாற்றக் கூடாது. அது அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், மணலால் வரும் கீறலைத் தடுக்காது.

எல்லாம் முடிந்ததும் கவர் போட்டுவிடாதீர்கள். ஈரத்தின் மேல் கவர் போட்டால் உள்ளே புழுங்கி நீர்க்கறை விழும். தெருவை ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை லேசாக பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்த பிறகு நிறுத்துங்கள். அப்படியே விட்டால் மறுநாள் காலை டிஸ்க் துருவேறிக் கரகரக்கும்.