புரபேஷனா, டெம்பரரியா, பர்மனென்டா? இறால் கம்பெனி, லாட்ஜ் வேலைக்காரர்கள் தங்கள் நாளை எண்ணிக்கொள்வது எப்படி

மண்டபம், தொண்டிப் பக்கம் இறால் கம்பெனிக்குப் போகிறவர்களிடமும் ராமேஸ்வரம் லாட்ஜ்களில் வேலை பார்ப்பவர்களிடமும் "நீங்க பர்மனென்டா?" என்று கேட்டால், சூப்பர்வைசர் வாயால் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். "ரெண்டு வருஷம் ஆகட்டும், பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்பார்கள். அந்த வாய்ச்சொல்லை எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது. காட்டக்கூடியது உங்களைச் சேர்த்தபோது கொடுத்த தாளும், அதற்கப்புறம் நீங்கள் வேலை பார்த்த நாட்களின் கணக்கும்தான்.

முதலில் அந்தத் தாளை எடுங்கள். தாளே கொடுக்கவில்லை என்றால் இப்போது கேட்கலாம், தயங்க வேண்டாம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளிக்கும் கட்டாயம். அதில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். புரபேஷன், அதாவது தகுதிகாண் பருவம் என்று இருந்தால் முகம் சுருங்க வேண்டியதில்லை, அது நல்ல செய்திதான். நிரந்தரமான ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதற்கு நீங்கள் சரிப்படுவீர்களா என்று பார்க்கிறார்கள் என்று பொருள். டெம்பரரி என்றால் அந்த இடமே தற்காலிகம். பதிலி என்றால் வேறொருவர் வராத நாளில் அவர் இடத்தில் நிற்கிறவர். அப்ரண்டிஸ் என்றால் 1961-ஆம் வருடத்துச் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளி என்ற கணக்கிலேயே வரமாட்டீர்கள். கவனமாகப் பார்க்க வேண்டியது "குறிப்பிட்ட கால நியமனம்" என்ற சொல்லை. சம்பளம், சலுகை எல்லாம் பர்மனென்ட் ஆளுக்குச் சமமாகத் தர வேண்டும், ஒரு வருடத்திலேயே பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு, கேட்க இனிக்கும். ஆனால் தேதி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினால் அது ஆட்குறைப்பு ஆகாது, நோட்டீசும் நஷ்டஈடும் கேட்க முடியாது. புரபேஷனில் இருந்த ஆளை இதில் கையெழுத்துப் போடச் சொன்னால், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

கம்பெனியில் சங்கம் இருந்தால் அடுத்தது ஊதிய ஒப்பந்தம். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரசத்தில் போட்டதை இன்னமும் 12(3) என்றும், நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொண்டதை 18(1) என்றும், பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்துத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். முன்னது அங்கே வேலை பார்க்கும் எல்லாரையும் கட்டும், பின்னது கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டும். சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடி வைக்காமல் புரபேஷன் பற்றிய பத்தியைத் தேடுங்கள். எத்தனை மாதம், நீட்டிக்கலாமா, நீட்டித்தால் அதிகபட்சம் எவ்வளவு, எழுத்தில் உறுதி செய்தால்தான் பர்மனென்டா, சீனியாரிட்டி சேர்ந்த தேதியிலிருந்தா அல்லது உறுதி செய்த தேதியிலிருந்தா. நிலையாணை என்றால் ஒரு நிறுவனத்தின் வேலை விதிகளை எழுதிவைத்த தொகுப்பு, ஸ்டாண்டிங் ஆர்டர். 1946-ஆம் வருடத்து நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் புரபேஷன் 3 மாதம் என்றுதான் இருந்தது. இப்போது நிலையாணைகள் 300 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களுக்குத்தான் கட்டாயம் என்று ஆகிவிட்டதால், நம் கடற்கரைப் பக்கத்துக் கம்பெனிகளில் இந்த ஒப்பந்தப் பத்திக்கு முன்னைவிட மதிப்பு கூடிவிட்டது.

இதில் அதிகபட்சக் காலம்தான் உயிர்நாடி. "புரபேஷன் 6 மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்" என்று மொட்டையாக இருந்தால், காலம் முடிந்தும் வேலையில் இருப்பதாலேயே நீங்கள் தானாகப் பர்மனென்ட் ஆகிவிட மாட்டீர்கள். "எக்காரணம் கொண்டும் ஒரு வருடத்தைத் தாண்டக்கூடாது" என்று எல்லை கட்டியிருந்து, அதைத் தாண்டியும் உங்களை வைத்துக்கொண்டிருந்தால், உறுதி செய்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே பஞ்சாப் வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அது அரசு விதிகளை வைத்து வந்த தீர்ப்பு, ஆனாலும் வாதம் ஒன்றுதான். ஒரே ஒரு வரி இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

சரி, ஒப்பந்தமும் இல்லை, சங்கமும் இல்லை, வருடக்கணக்கில் டெம்பரரி என்றே ஓட்டுகிறார்கள் என்றால்? அதற்குத்தான் தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடத்து நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சாரம். மாதத்துக்குச் சராசரியாக 20 நாள். 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். அதனால் சின்ன ஐஸ் கம்பெனிகளும் சின்ன லாட்ஜ்களும் இதற்குள் வராது. கட்டிடம், பாலம், ரோடு கட்டும் வேலைக்கும் இது கிடையாது.

நம் ஊரில் பெரிய இழுபறி வருவது பருவத் தொழில் என்ற இடத்தில். பருவத்துக்கு மட்டும் நடக்கும் தொழிலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உடனே கம்பெனி சொல்லும்: "ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு போகாது, சரக்கு வராது, நாங்கள் சீசன் கம்பெனி." கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. பண்ணை இறால் அந்த மாதங்களிலும் வரும். குளிர் அறை ஓடுகிறதா, பழைய சரக்கு பேக்கிங் ஆகிறதா, கன்டெய்னர் கிளம்புகிறதா என்று பாருங்கள். ஓடினால் சீசன் என்ற பேச்சு எடுபடுவது கஷ்டம். அதோடு, பருவத் தொழிலா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் முடிவு சொல்ல வேண்டியது அரசாங்கம், மேனேஜர் இல்லை. வாலிநோக்கம் பக்கத்து உப்பள வேலை வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியே கரைந்துவிடும், அங்கே இந்த வாதத்தை வைப்பது சிரமம்தான்.

சீசன் கம்பெனி இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 24 மாதத்தில் இரண்டு தடைக்காலம் என்றால் 122 நாள் போனது. மீதி சுமார் 608 நாளில் 480 வேண்டும், விடாமல் வேலைக்குப் போகிறவருக்கு அது எட்டக்கூடியதே. ஆனால் அந்த 122 நாளை ஏன் சும்மா விட வேண்டும்? உடம்பு சரியில்லாதது, அனுமதி பெற்ற லீவு, வேலையில் பட்ட காயம், தொழிலாளி தவறில்லாமல் வேலை நின்றது இவையெல்லாம் தொடர்ச்சியை உடைக்காது. ஒப்பந்தப்படி லே-ஆஃப் (வேலை தர முடியாமல் கம்பெனி தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) கொடுத்த நாளும், சம்பளத்தோடு எடுத்த லீவும், பேறுகால லீவும் கணக்கில் சேரும். சம்பளத்தோடு வரும் வார விடுமுறையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்ததாகக் கொள்ளப் பழைய தொழில் தகராறு சட்டம் கேட்ட 240 நாள் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொன்னது. நடுவில் நாலு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புது கார்டு போட்டு மறுபடி எடுக்கும் வித்தையும் நடக்கிறது. பர்மனென்ட் உரிமையைத் தட்டிப் பறிக்கவே வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது சட்டப்படி முறையற்ற தொழிலாளர் நடைமுறை, பழைய சட்டத்திலும் சரி புதிய தொகுப்பிலும் சரி.

நாளுக்கு ஆதாரம் சேர்ப்பதுதான் உங்கள் பக்கத்து வேலை. சம்பளச் சீட்டு, பேங்க் வரவு, பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ பங்களிப்பு விவரம், ஷிஃப்ட் லிஸ்ட் வரும் வாட்ஸ்அப் குரூப்பின் ஸ்கிரீன்ஷாட், இதெல்லாம் இல்லாவிட்டால் அன்றன்றைக்கு நீங்களே எழுதும் ஒரு நோட்டு. பிஎஃப் பாஸ்புக்கில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். கம்பெனி பெயருக்குப் பதிலாக ஆள் கூட்டி வந்த மேஸ்திரியின் ஏஜென்சி பெயர் இருந்தால் அது காண்ட்ராக்ட் வழக்கு, அதன் பாதை தனி. அரசு அலுவலகத்தில் தினக்கூலியாக இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு நேராகச் செல்லாது. உச்ச நீதிமன்றத்தின் 2006 உமாதேவி தீர்ப்புக்கு அப்புறம், நாள் சேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் அங்கே பணிநிரந்தரம் கிடைப்பதில்லை.

480 சேர்ந்ததும் மனு எழுதுங்கள். நீளமாகப் புலம்ப வேண்டாம், இப்படி இருந்தால் போதும்: "நான் இன்ன தேதியிலிருந்து இன்ன பிரிவில் தொடர்ந்து பணிபுரிந்து வருகிறேன். இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரையிலான 24 மாதங்களில் 480 நாட்களுக்கு மேல் பணிபுரிந்துள்ளேன். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி என்னை நிரந்தரம் செய்து எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கையில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், தரமாட்டார்கள் என்றால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். பதில் இல்லையா, ராமநாதபுரத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நகல்களோடு போங்கள். ஒருவராகப் போவதைவிட அதே நிலையில் இருக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போவது நல்லது, தனியாகப் போனவரைத்தான் மறுநாள் வேறு ஷிஃப்டுக்குத் தூக்கியடிப்பார்கள்.

புரபேஷனில் இருக்கும்போதே நிறுத்திவிட்டால், வேலை திருப்தி இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் சண்டை போடுவது கடினம். திருடினார், தகராறு செய்தார் என்று குற்றம் எழுதி, விசாரணையே வைக்காமல் நிறுத்தியிருந்தால் அது தண்டனை, அதைக் கேள்வி கேட்கலாம். அதனால் நிறுத்தும் கடிதத்தின் வாசகத்தை எழுத்து விடாமல் படியுங்கள்.

இதற்கிடையில் பர்மனென்ட் ஆனால்தான் கிடைக்கும் என்று சிலவற்றை நினைத்து ஏமாறுகிறார்கள். சட்டம் பொருந்தும் இடத்தில் பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் முதல் நாளிலிருந்து உண்டு. வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் புரபேஷன் ஆளுக்கும் போனஸ் உண்டு. பணிக்கொடைக்கு எண்ணுவதும் சேர்ந்த நாளிலிருந்துதான்.

சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. அடுத்த ஒப்பந்தத்தில் சம்பள உயர்வோடு இரண்டு வரிகளையும் கேட்டு வாங்குங்கள்: புரபேஷன் நீட்டிப்பையும் சேர்த்து இத்தனை மாதத்தைத் தாண்டாது என்று ஒன்று, தடைக்காலத்தில் வேலை தராத நாட்கள் லே-ஆஃபாகப் பதியப்பட்டு தொடர் பணியில் சேரும், அந்த நாட்களில் பெயரை மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்கக்கூடாது என்று இன்னொன்று. இரண்டாவதற்குக் கம்பெனி லேசில் ஒத்துக்கொள்ளாது, லே-ஆஃப் என்று ஆனால் பாதிச் சம்பளம் தர வேண்டிவரும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் அதை ஏப்ரலில் பேசாமல், சரக்கு குவிந்து ஆள் தேவைப்படும் மாதத்தில் பேசுங்கள்.