கத்திரியில் செம்பேனா? மருந்துக்கு முன் கரும்பொறிவண்டைத் தேடுங்கள்

பங்குனி பிறந்தால் வேலூர்ப் பக்கம், இலையடியில் சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனான செம்பேனுக்குக் கொண்டாட்டம். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால், இன்றைய முட்டை ஒன்றரை வாரத்துக்குள் தானே முட்டையிடும். இலவம்பாடி முள்ளுக் கத்திரி, வெண்டை, பீன்ஸ் எதையும் விடாது. புழுதி படியும் பாதையோர வரிசையிலும் தண்ணீர் காய்ந்த செடியிலும்தான் முதலில் பிடிக்கும்.

இலை மேல்புறம் ஊசி குத்தினாற்போல வெளிர்ப்புள்ளி தெரிந்தால், அடி இலையை வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள். ஊரும் புள்ளிகள்தான் பேன். பிறகு பத்து மடங்கு லென்ஸில் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். கடுகை விடப் பெரிதாகாத, பளபளக்கும் கறுப்பு வண்டு இருக்கிறதா? அதுதான் ஸ்டெத்தோரஸ் எனும் கரும்பொறிவண்டு. அதன் புழு கருஞ்சாம்பல் நிறம், மெதுவாக நகரும். இரண்டுமே பேனையும் முட்டையையும் தின்னும். கத்திரி இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும் இதே குடும்பம்தான், ஆனால் அது உளுந்தை விடப் பெரிது, செம்பு நிறம், புழு மஞ்சள், உடம்பெல்லாம் முள். இரண்டையும் குழப்பி நல்லதை நசுக்குவது அடிக்கடி நடக்கிறது.

பேன் பெருகிய பிறகே கரும்பொறிவண்டு வந்து சேரும். அந்த இடைவெளியில் பதறி, காய்ப்புழுவுக்கு வைத்திருக்கும் சைபர்மெத்ரினை அடிப்பதுதான் பெரிய தவறு. வண்டு சாகும், எட்டுக்கால் பேன் பூச்சியினமே அல்ல, தப்பித்து முன்னிலும் பெருகும்.

பேன் உள்ள இலைகளில் பாதியிலாவது வண்டோ புழுவோ தென்பட்டால் நாலைந்து நாள் பொறுங்கள். இல்லையென்றால், பேன் நூலாம்படை கட்டிய இலைகளைக் கிள்ளி, அங்கேயே சாக்கில் கட்டி வெளியேற்றுங்கள். அதிகாலையில் இலையடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் மூன்றாம் நாள் மறுபடியும் செய்ய வேண்டும்.

பேனைத் தின்னும் பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சியின் இளம்புழு ஏக்கருக்கு 4,000 விடலாம். மாலையில், செடிக்குச் செடி பிரித்து விடுங்கள், சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். நூலாம்படை அடர்ந்த பின் விட்டால் சிக்கிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே விடுவதுதான் பலன்.

அப்படியும் அடங்காவிட்டால், வண்டு இல்லாத வரிசைகளில் மட்டும் 10 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள். நனையும் கந்தகமென்றால் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. கத்திரி வெயிலில் அடித்தால் பேனுக்கு முன் இலை கருகும்.