மீன்பிடிப் படகை ஒரே இடத்தில் நிறுத்த எதை வாங்குவது, எப்படிப் போடுவது

மீன் நிற்கிற இடம் தெரிந்தும் தூண்டில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே படகு நகர்ந்துவிட்டால் பயனில்லை. புதிதாகப் படகு எடுப்பவர்கள் எஞ்சினுக்கும் மீன் காட்டும் கருவிக்கும் மாதக்கணக்கில் அலசிவிட்டு, நங்கூரத்தை மட்டும் கடைசி நாளில் கைக்குக் கிடைத்ததாகப் பார்த்து வாங்குகிறார்கள். அதுவும் எடையைத் தூக்கிப் பார்த்து. எடையை விட முக்கியம், கயிறு எந்தக் கோணத்தில் நங்கூரத்தை இழுக்கிறது என்பது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் தரை

மணல், சேறு என்றால் டான்ஃபோர்த் வகை, அதாவது இரண்டு தட்டையான அலகு மடங்கும் நங்கூரம். எடை குறைவு, பிடி அதிகம். ஆனால் பாறையிலும் அடர்ந்த பாசியிலும் வழுக்கும். பாறைக்கு நாலைந்து கொக்கி உள்ள நங்கூரம்தான் சரி. தரை மாறி மாறி வரும் இடங்களுக்கு நக வடிவ நங்கூரம் பரவாயில்லை. காளான் வடிவ நங்கூரம் சேற்றுக் குளத்தில் நிற்கும் சின்னத் தோணிக்கு மட்டும். காற்றும் நீரோட்டமும் உள்ள இடத்துக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எந்த அளவு என்பதற்குத் தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் படகு நீளத்தைப் பாருங்கள், காற்று அதிகமான இடமென்றால் ஒரு அளவு மேலே போங்கள்.

சங்கிலியும் கயிறும்

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் சங்கிலி கட்டாயம், ஏறக்குறைய படகின் நீளத்துக்கு. அதன் கனம்தான் நங்கூரத் தண்டைத் தரையோடு படுக்க வைக்கிறது, பாறையில் உரசி அறுபடாமலும் காக்கிறது. கயிறு முப்புரி நைலான். அது இழுபட்டுக் கொடுப்பதால் அலையின் குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் மலிவுதான், ஆனால் தண்ணீரில் மிதந்து புரொப்பெல்லரில் சுற்றும், வேண்டாம். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் U வடிவ வளையமான ஷேக்கிளின் ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது தானாகக் கழன்றுகொள்ளும்.

கயிறு எவ்வளவு விடுவது

கயிறு நீளமாகப் போனால்தான் நங்கூரத்தைத் தரையோடு படுக்கையாக இழுக்கும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு என்று கேட்டுவிட்டு 6 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர் விடுவார்கள். கணக்கு அப்படியில்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தில் (படகின் முன்முனை) கயிறு கட்டும் இடம் வரை உள்ள உயரத்தையும் கூட்ட வேண்டும். அது 1 மீட்டர் என்றால் மொத்தம் 7, ஐந்து மடங்குக்கு 35 மீட்டர். காற்று கிளம்பினால் ஏழு மடங்கு, 49 மீட்டர். அப்புறம் ஏற்றவற்றம். தண்ணீர் 2 மீட்டர் ஏறினால் 7 என்பது 9 ஆகிவிடும், நீங்கள் விட்ட அதே 35 மீட்டர் நான்கு மடங்குக்கும் கீழே போய்விடும். காலையில் கல்லுப் போல நின்ற படகு மதியம் நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். உச்ச ஏற்றத்தின் ஆழத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு நிற நூலைச் சுற்றி வைத்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று இருட்டில்கூடத் தடவிப் பார்த்து எண்ணலாம்.

போடும் முறை

காற்றோ ஓட்டமோ எது படகை அதிகம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்முகமாக வந்து, மீன் இருக்கும் இடத்தைத் தாண்டி நின்று மெதுவாக இறக்குங்கள், தூக்கி எறியாதீர்கள். பின்னால் நகர்ந்தபடி கயிறு விட்டு, அணியத்தில் கட்டி, எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி இயக்கிப் பதிய வையுங்கள். கயிற்றில் கை வைத்துப் பாருங்கள்: விட்டு விட்டு நடுக்கம் வந்தால் நங்கூரம் தரையை உழுதுகொண்டிருக்கிறது. கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். அமரத்தில் (படகின் பின்முனை) மட்டும் தனியாக நங்கூரம் கட்டாதீர்கள். எஞ்சின் கனத்தால் அந்தப் பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், அலை உள்ளே ஏறிப் படகு மூழ்கிவிடும்.

ஜிபிஎஸ் மின் மோட்டார்

ஜிபிஎஸ் பார்த்துத் தானாகவே ஓடிப் படகை ஒரே இடத்தில் நிறுத்தும் மோட்டார் இது. பாறை மேலும் ஆழத்திலும் இடம் மாற்றி மாற்றிப் பிடிப்பவர்களுக்கு அருமை. படகு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 100 பவுண்டுக்கு 2 பவுண்டு உந்துவிசை என்பது குறைந்தபட்சக் கணக்கு, காற்றுக்கு அதற்கு மேல் வேண்டும். உப்புத் தண்ணீருக்கென்றே செய்த மாடலை வாங்குங்கள். பலத்த ஓட்டம் பேட்டரியைச் சீக்கிரம் காலி செய்துவிடும், அதனால் மோட்டார் இருந்தாலும் நங்கூரம் படகில் இருக்கட்டும். தண்ணீருக்குள் குடைபோல விரியும் கடல் பாராசூட் படகின் வேகத்தைத்தான் குறைக்கும், நிறுத்தாது. இடுப்பளவு தண்ணீரில் தரையில் குத்தி நிறுத்தும் ஒரு ஊன்றுகோல் போதும், சத்தமும் இல்லை.

பின்சேர்க்கை: பாறையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சங்கிலியை நங்கூரத்தின் அடிமுனையில் இணைத்து, தண்டோடு ஒட்டி மேலே கொண்டுவந்து, தலைப்பக்க வளையத்தில் ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டுங்கள். மாட்டினால் நங்கூரத்துக்கு நேர் மேலே படகைக் கொண்டுவந்து இழுங்கள். டை அறுந்து, நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். பலத்த காற்றில் அந்த டை தானாகவே அறுந்துவிடலாம், எனவே படகில் படுத்துத் தூங்கும் இரவுகளில் இந்தக் கட்டு வேண்டாம்.