பைப்பில் வந்த களகள சத்தம்

பாதி புகைத்ததுமே புகையிலை பைப்பின் அடியில் களகளவென்று சத்தம் வரும், கசப்பு நீர் நாக்குவரை ஏறும். பைப்தான் மோசம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு புகையிலையின் ஈரத்தில். டப்பாவிலிருந்து எடுத்ததை அப்படியே திணித்துவந்தேன். இப்போது ஒரு தாளில் பரப்பி, கிள்ளிப் பார்த்தால் உருண்டையாக ஒட்டாமல் பிரிந்து விழும்வரை காயவிடுகிறேன். தகடு தகடாக வரும் புகையிலைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நிரப்புவது மூன்று தடவையாக: முதலில் சும்மா தூவி, அடுத்து லேசாக, கடைசியில் சற்று அழுத்தி. பற்றவைப்பதற்கு முன்பே ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன், தடை தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் ஆரம்பம்தான். அப்புறம் வேகம். புகையிலை எரியும் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சுடுகிறதா, வேகமாக இழுக்கிறோம் என்று அர்த்தம், அந்தச் சூட்டில்தான் ஈரம் ஆவியாகித் தண்டுக்குள் போய்க் குளிர்ந்து தேங்குகிறது.

அப்படியும் சத்தம் கேட்டால் பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, வாய்க்குழல் வழியாக விட்டு எடுங்கள், பழுப்பு நீரில் ஊறி வரும். சூடாக இருக்கும்போது வாய்க்குழலை மட்டும் கழற்றாதீர்கள். பிரையர் என்ற கட்டையில் செய்த நல்ல பைப் ஒன்றை அப்படித்தான் விரிசல் விடவைத்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.