தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கு டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் பக்கத் தோட்டங்களில் ஓடும் வண்டிகளுக்கு மீட்டரை மட்டும் பார்த்து டைமிங் பெல்ட்டை விட்டுவைப்பது ஆபத்து. பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை இது. பெல்ட்டைத் தேய்ப்பது எஞ்சினின் சுற்று, சாலையின் தூரம் அல்ல. ஹைவேயில் 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால், ஒரு கிலோமீட்டருக்கு 1,600 சுற்று. அதே வண்டி செம்பனைக் காட்டுக்குள் இரண்டாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் 2,000 சுற்றோடு ஊர்ந்தால், கிலோமீட்டருக்கு 6,000. குலை ஏற்றி முடியும்வரை எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினால், 800 சுற்று வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 48,000 சுற்று போய்விடும். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது.

உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் பாருங்கள். கன்சில், வீரா, 2008-இல் வந்த கேம்ப்ரோ எஞ்சின் சாகா எல்லாம் பெல்ட். மைவி 1.3, அக்சியா செயின். ஹைலக்ஸில் பழைய 2.5 டீசல் பெல்ட், பின்னால் வந்த 2.4 டீசல் செயின்.

பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 80,000 முதல் 100,000 கி.மீ. அல்லது 5 வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஹைலக்ஸ் 2.5-க்கு 150,000 கி.மீ. தோட்ட வேலைக்கு ஓடும் வண்டிக்கு இதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கும் காரில் 30,000 கி.மீ.தான் ஓடியிருந்தாலும், 5 வருடம் ஆனால் மாற்றியே ஆக வேண்டும். எஞ்சின் சூட்டில் ரப்பர் தானாகவே இறுகிவிடும். கேம்ப்ரோ எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

திறந்து பார்ப்பதென்றால் எஞ்சின் ஆறிய பின் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மேல் கவரின் போல்ட்டுகளை எடுத்து, டார்ச் அடியுங்கள். பல் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிவது, முதுகு கண்ணாடிபோல் பளபளப்பது, எண்ணெய் ஈரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீர்கள். செம்மண் தூசி எண்ணெயில் கலந்து பல்லிடுக்கில் பசையாக நின்றால் கேம் சீலோ கிராங்க் சீலோ (தண்டின் ஓரத்தில் எண்ணெயை அடைக்கும் வளையம்) ஒழுகுகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் போட்டால் புதியதும் சீக்கிரமே ஊறிப்போகும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வருடக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி நார் அறுவது வெளியே தெரியாது.

மாற்றும்போது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் பேரிங் (பெல்ட் மேலே ஓடும் உருளை), கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் சுற்றினால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது ஒழுகும் அன்று இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

வேலை சரியாக நடந்ததா என்று தெரிய ஓர் இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பெல்ட் ஏறி, கேம், கிராங்க் குறிகள் நேராக நின்று, டென்ஷனர் இறுகியதும் மெக்கானிக் ஸ்பானரால் கிராங்க்கை எஞ்சின் சுற்றும் திசையிலேயே, கையால், இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். குறிகள் மறுபடி நேராக வர வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் இழுவை குறையும், ஐட்லிங் நடுங்கும். சுற்றும்போது நடுவில் தடுத்தால் பலம் கொடுத்துத் தள்ளக்கூடாது. வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. புது பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ விடாதீர்கள், நார் அங்கேயே ஒடியும்.

செயினுக்குக் கிலோமீட்டர் கெடு கிடையாது, ஆனால் அதன் ஆயுள் எஞ்சின் ஆயிலில் இருக்கிறது. ஆயில் மாற்றத் தாமதித்தால் கசடு டென்ஷனரின் எண்ணெய் வழியை அடைக்கும், செயின் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி கரகரவென்று சத்தம் வந்தால் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் நீடித்தாலோ எஞ்சின் விளக்கு எரிந்தாலோ செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

பழைய வண்டி வாங்குவோர் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனையில் டைமிங் கவரைத் திறப்பதில்லை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக் கேளுங்கள். மாற்றிய பின் தேதியையும் மீட்டர் எண்ணையும் கவர் மேல் பெயிண்ட் பேனாவால் எழுதி வையுங்கள். ஹைலக்ஸ் 2.5-இல் பெல்ட் மாற்றும் நேரத்தைக் காட்டும் டி-பெல்ட் விளக்கையும் அன்றே ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.